இறக்கத்தில் முழங்கால்
(யாழ்ப்பாணத்தில் ஆற்றிய உரை)



இங்கே சீவல் தொழிலாளர் பனை ஏறி இறங்குகிறார்கள். மலையகத்தில் நாங்கள் கொழுந்துச் சுமையோடு மலை ஏறி இறங்குகிறோம். எல்லோருக்கும் முதல் முழங்கால்தான்.

இருந்தபடியே தொடையில் கைவைத்து ஒரு காலை நீட்டுங்கள். முன்தொடையின் 4 தசைகள் இறுகும். பின்தொடையின் 3 தசைகள் விட்டுக்கொடுக்கும். இனிக் குதிகாலை நிலத்தில் ஊன்றிப் பின்னால் இழுங்கள், பின்தசை இறுகும். தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால் இரு பக்கமும் ஆள் வேண்டும்.

சுமையோடு இறங்கும்போது முன்தசை நீண்டுகொண்டே தாங்குகிறது. பின்தசையும் கூடப் பிடிக்கிறது. தசை களைத்தால் பாரம் மூட்டில் விழும். இறக்கத்தில் முழங்கால் நோவது சோம்பலல்ல. கொழுந்து நிறுக்கும் இடத்தைக் கிட்டக் கொண்டுவரச் சொல்லிக் கேட்போம், சேர்ந்தே கேட்போம்.