ஈறு பார்க்கும் சின்னக் கம்பி



பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதா? "வலிதான் இல்லையே" என்று விட்டுவிடாதீர்கள். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. பல் ஆடிய பிறகுதான் பலருக்குத் தெரியும். அப்போது பல்லைக் காப்பது கடினம்.

முன்பே கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. உலக சுகாதார நிறுவனம் வகுத்த மெல்லிய கம்பி போதும். அதன் நுனி அரை மில்லிமீட்டர் உருண்டை. ஈறைக் கிழிக்காது. கம்பியில் ஒரு கறுப்புப் பட்டை இருக்கும்.

மருத்துவர் கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் மெல்ல விடுவார்.

பட்டை முழுதும் தெரிகிறதா? பள்ளம் ஆழமில்லை.
கொஞ்சம் மறைகிறதா? நோய் உள்ளே இறங்கிவிட்டது.
முழுதும் மறைகிறதா? நோய் முற்றிவிட்டது. உடனே சிகிச்சை வேண்டும்.

 சில நிமிட வேலை. அதனால் ஊர் மக்கள் எல்லோரையும் சோதிக்கலாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். பீடி, புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் அப்படியே.

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு! பல் முகாம் வந்தால் கூச்சப்படாமல் வாயைத் திறந்து காட்டுங்கள். முகாம் வராவிட்டால், பல் ஆடும்வரை காத்திருக்காமல் பல் மருத்துவரிடம் போங்கள்.