பிடிக்கிற கை

(நம் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கால்நடைத் துணைக்குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



கறவை மாட்டுக் கடன், ஆட்டுக் கடன் பற்றி இந்தக் கூட்டத்தில் பலமுறை பேசியிருக்கிறோம். டாக்டர் வந்தாரா, வரலையா என்றும் பேசியிருக்கிறோம். டாக்டர் பக்கத்தில் நிற்கிறவரைப் பற்றி மட்டும் பேசினதே இல்லை. இன்னைக்கு அவரைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

கால்நடை மருந்தகத்துக்குப் போனால், "என்னம்மா, மாட்டுக்கு என்ன?" என்று முதலில் கேட்கிறவர் அவர்தான். அவருக்குக் கால்நடை பராமரிப்பு உதவியாளர் என்று பெயர். அவருக்கு மேலே கால்நடை ஆய்வாளர், அதற்கும் மேலே கால்நடை உதவி மருத்துவர். நமக்கு மூணு பேருமே மாட்டு டாக்டர்தான்!

காலையில் கதவைத் திறப்பது, கூட்டுவது, கழுவுவது, பதிவேட்டை எடுத்து வைப்பது என்று அவர் வேலை தொடங்கும். தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். மலைக் கிராமத்துக்கு முகாம் வரும்போது ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவரும் அவரே. அந்தக் குளிர் விட்டுப்போனால் ஊசி போட்டும் பலன் இல்லை. சினை ஊசிக் குச்சிகள் இருக்கும் குடுவையில் திரவ நைட்ரஜன் இருக்கிறது. அது பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி. கையில் பட்டால் நெருப்புச் சுட்ட மாதிரி ஆகிவிடும்.

ஆனால் இதையெல்லாம் விடப் பெரிய வேலை, பிடிப்பதுதான். ஊசி போடுவது ஒரு நிமிஷ வேலை. அந்த ஒரு நிமிஷம் மாடு ஆடாமல் நிற்கணும். மாடு துள்ளினால் மருந்து பாதி கீழே போகும், ஊசி பிடித்தவர் கையிலேயே குத்தும். 4 முதல் 8 மாதக் கிடாரிக் கன்றுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறை போடுகிறார்களே, கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி, அதில் உயிருள்ள கிருமி இருக்கிறது. தவறி மனுஷர் கையில் குத்தினால் அவருக்கே காய்ச்சல் வந்து மாசக்கணக்கில் படுக்க நேரலாம். அதனால் கன்றுக்குத் தலைக்கயிறு போட்டுக் கொண்டு போங்கள். அது பழகின ஆளே கூடப் போகட்டும். சின்னப் பிள்ளையிடம் கயிற்றைக் கொடுத்து அனுப்ப வேண்டாம்.

அடுத்தது பூனை. பூனைக்கு ஆஸ்பத்திரியான்னு சிரிக்காதீங்க. சாமையும் தினையும் சேர்த்து வைக்கிற வீட்டில் எலியை விரட்டுகிறது யார்? சென்னை வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள மருத்துவமனைக்கு நாயோடு பூனையையும் தூக்கிக்கொண்டு ஜனங்க வருகிறார்கள். வெளிநாட்டில் பூனைக்கு மட்டும் என்றே மருத்துவமனைகள் உண்டு. அங்கே உதவியாளர்களுக்குப் பூனையைப் பிடிக்கத் தனிப் பயிற்சியே கொடுக்கிறார்கள். அழுத்திப் பிடிக்கப் பிடிக்க பூனை மூர்க்கமாகும். துண்டைப் போட்டு உடம்பைச் சுற்றி, தலையை மட்டும் வெளியே விட்டு, மெதுவாகப் பேசிக்கொண்டே பிடித்தால் அடங்கும். மாட்டைப் பிடிக்கப் பலம் வேணும், பூனையைப் பிடிக்கப் பொறுமை வேணும்.

நாம் கொண்டுபோகும்போது சாக்கில் போட்டு வாயைக் கட்ட வேண்டாம், மூச்சு முட்டும். மூடி உள்ள மூங்கில் கூடை போதும். உள்ளே பழைய துணி, மேலே ஒரு துணி. இருட்டாக இருந்தால் பூனை பயப்படாது. இன்னொன்று, காய்ச்சல் என்று நினைத்து நமக்குக் கொடுக்கிற பாராசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதை உடைத்து வெளியேற்ற பூனை உடம்புக்கு முடியாது. ஒரு மாத்திரையே உயிரைக் குடிக்கும்.

இப்போது சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். வெறி நோய் நாயால் மட்டும் வருவதில்லை. வெறிநாய் கடித்த பூனைக்கும் வரும், அந்தப் பூனை கடித்தால் நமக்கும் வரும். நோய் வெளிப்பட்ட பிறகு பிழைப்பது அநேகமாக இல்லை. உங்கள் பூனையையோ கன்றையோ நாய் கடித்திருந்தால், மருந்தக வாசலில் நுழையும்போதே அந்த உதவியாளரிடம் சொல்லிவிடுங்கள். "சொன்னா தொடமாட்டாங்க" என்று மறைக்கிறவர்கள் நம்மில் உண்டு. மறைத்தால், வெறுங்கையோடு வாயைத் திறந்து பார்ப்பவர் அவர்தானே? அவருக்கும் வீட்டில் பிள்ளைகுட்டி உண்டு. தினமும் பிராணிகளைத் தொடுகிறவர்கள் முன்கூட்டியே வெறி நோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. நம்ம ஊர் மருந்தகத்தில் இருப்பவர் போட்டிருக்கிறாரா, கையுறை இருக்கிறதா என்று கேட்பதில் தப்பில்லை. கிராம சபையில் கேட்கலாம்.

நமக்குக் கடி பட்டாலோ, நகம் கீறினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவணும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகணும். சொல்கிற தேதிகளில் எல்லா ஊசியும் போட்டு முடிக்கணும். இரண்டோடு நிறுத்தக் கூடாது.

இந்த வேலை ஆம்பளைங்க வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். மகளிர் குழுப் பெண்களே 'பசு சகி' என்ற பெயரில் பல மாநிலங்களில் ஆடு மாடுகளுக்கு முதல் உதவி செய்கிறார்கள், குடற்புழு மருந்து கொடுக்கிறார்கள். 2022-ல் மத்திய அரசு 'ஏ-ஹெல்ப்' என்று தொடங்கிய திட்டத்தில் இவர்களுக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்து, கால்நடைத் துறைக்கும் கிராமத்துக்கும் நடுவில் பாலமாக வைக்கிறார்கள். வைத்தியம் டாக்டர்தான் பார்க்கணும், அதில் நாம் கை வைக்கக் கூடாது. ஆனால் பிடிக்க, எழுத, முகாமுக்கு ஆள் திரட்ட நம்மால் முடியும். ஆட்டைப் பிறந்த நாளிலிருந்து வளர்க்கிறது நாம்தானே!

அவசரத்துக்கு 1962-க்குப் போன் செய்யலாம். அந்த நடமாடும் ஊர்தியில் டாக்டர், உதவியாளர், ஓட்டுநர் என மூவர் வருவார்கள். ஓட்டுநரும் வண்டியை நிறுத்திவிட்டு மாட்டைப் பிடிக்கணும், அவர் வேலையே அப்படி. நம் மலையில் வண்டி போகாத குக்கிராமம் உண்டு. அங்கிருப்பவர்கள் போன் செய்யும்போதே எந்த இடம் வரை வண்டி வரும் என்று சொல்லி, மாட்டை ரோட்டோரம் கொண்டுவந்து கட்டி வையுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவின் ஊக்குநரும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். 4 மாதம் தாண்டிய கிடாரிக் கன்று எத்தனை, நாய் எத்தனை, பூனை எத்தனை, பசு சகி பயிற்சிக்குப் போக விருப்பம் உள்ளவர் யார் யார். பூனையை விட்டுவிடாமல் எழுதுங்கள்.