குயவரின் கால்சக்கரம்: பேணலும் திருத்தமும்

கைத்தொழில் வளர்ச்சியைப் பற்றிய பேச்சில் புதிய கருவிகளே பெரும்பாலும் முதலிடம் பெறுகின்றன. எத்தனை கருவிகள் வழங்கப்பட்டன என்பது எளிதில் எண்ணக்கூடியது. அவற்றில் எத்தனை ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் ஓடுகின்றன என்பது எண்ணுவதற்கு அரியது. ஆயினும் தொழிலாளியின் அன்றாட வருவாய் இந்த இரண்டாவது எண்ணையே சார்ந்திருக்கிறது. மண்பாண்டத் தொழிலில் பயன்படும் பழைய கால்சக்கரம் இவ்வுண்மையை விளக்கும் தெளிவான சான்றாகும்.

பெங்களூர் நகரின் கண்டோன்மென்ட் பகுதியில், பென்சன் டவுனை ஒட்டி, பாட்டரி டவுன் என்னும் குயவர் குடியிருப்பு உள்ளது. தமிழ் பேசும் குடும்பங்களும் அங்கு இத்தொழிலில் ஈடுபட்டுள்ளன. அகல் விளக்குகள், பூந்தொட்டிகள், தண்ணீர்ப் பானைகள், விநாயகர் உருவங்கள் ஆகியவை அங்கு உருவாகின்றன. நாகவாரா நோக்கிச் செல்லும் மெட்ரோ சுரங்கப் பாதையின் நிலையம் ஒன்றுக்கு இக்குடியிருப்பின் பெயரே இடப்பட்டுள்ளது. நகரம் பெருகியபோது ஏரிகள் பல மறைந்தன. களிமண் தொலைவிலிருந்து வர வேண்டியதாயிற்று. மண்ணுக்கும் விறகுக்கும் விலை உயர்ந்துவிட்ட நிலையில், குயவரின் கையில் எஞ்சியிருக்கும் சிக்கன வழி ஒன்றே: உள்ள கருவியைச் சிறிதும் வீணாகாமல் ஓட வைப்பது.

கால்சக்கரத்தின் அமைப்பு

நம் நாட்டுக் குயவர் தொன்றுதொட்டுப் பயன்படுத்தி வந்தது தரையோடு தாழ்ந்து சுழலும் பெரிய சக்கரம். கோலால் சுழற்றிவிட்டு, அதன் வேகம் தணியும் முன் குந்தியிருந்து வனைவது வழக்கம். கால்சக்கரம் இதிலிருந்து வேறுபட்டது. நிமிர்ந்த தண்டு ஒன்று. அதன் மேல்முனையில் மண்ணை வைத்து வனையும் தட்டு. கீழ்முனையில் காலால் உதைத்துச் சுழற்றும் கனமான சக்கரம். இக்கனச்சக்கரத்தைப் பட்டறைக்காரர்கள் பிளைவீல் என்பர். குயவர் இருக்கையில் அமர்ந்தபடி வேலை செய்யலாம். ஐரோப்பாவில் 16-ஆம் நூற்றாண்டிலேயே இவ்வகைச் சக்கரம் வழக்கில் இருந்தது. இந்தியாவில் இது பயிற்சி நிலையங்கள் வழியாகவும் கலைக்கூடங்கள் வழியாகவும் பரவியது. 1957-இல் பணி தொடங்கிய கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் மண்பாண்டப் பயிற்சி நிறுவனம் கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டத்துக் கானாப்பூரில் அமைந்திருப்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

கால்சக்கரத்தின் வலிமை அதன் கனத்தில் மட்டும் இல்லை. அக்கனம் எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பதிலும் இருக்கிறது. 60 கிலோ எடையும் 70 செண்டிமீட்டர் விட்டமும் கொண்ட, எங்கும் ஒரே தடிப்புள்ள சக்கரம் நிமிடத்துக்கு 100 முறை சுழலும்போது அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 200 ஜூல் ஆகும். 20 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரம் தூக்குவதற்கு வேண்டிய ஆற்றல் இது. அதே 60 கிலோவும் விளிம்பிலேயே குவிந்திருக்குமானால் ஆற்றல் இரண்டு மடங்காகும். எனவே வேகம் விரைவில் தளரும் பழைய சக்கரத்துக்கு எடை கூட்ட விரும்புவோர், நடுப்பகுதியில் சேர்ப்பதால் பயனில்லை. விளிம்பில் இரும்புப் பட்டையாகவோ, சம இடைவெளியில் இறுகப் பிணைத்த செங்கற்களாகவோ சேர்த்தல் வேண்டும்.

நோயறிதல்

பழைய சக்கரம் ஒன்றை நிராகரிக்கும் முன்னர் மூன்று எளிய சோதனைகளைச் செய்யலாம். இவற்றுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

முதலாவது, ஓய்வுச் சோதனை. தட்டில் மண் இல்லாதபோது சக்கரத்தைக் குறிப்பிட்ட வேகத்துக்கு உதைத்துவிட்டு, அது தானே நிற்கும் வரை ஆகும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்து சுவரில் எழுதிவைத்தல் வேண்டும். மாதந்தோறும் இவ்வாறு செய்தால், நேரம் குறைந்துவருவது தாங்கியில் உராய்வு மிகுவதை முன்கூட்டியே அறிவிக்கும். குயவரின் முழங்கால் உணர்வதற்கு முன்பே சுவரில் உள்ள எண்கள் அதைச் சொல்லிவிடும்.

இரண்டாவது, மட்டச் சோதனை. தட்டின் மேல் ரசமட்டத்தை இரு திசைகளில் வைத்துப் பார்க்க வேண்டும். சட்டம் சாய்ந்திருந்தால் தண்டின் பாரம் ஒருபக்கமாக விழுந்து தாங்கி விரைவில் தேயும்.

மூன்றாவது, கோட்டச் சோதனை. சுழலும் தட்டின் விளிம்பருகே சுண்ணக்கட்டியை அசையாது பிடித்து மெல்ல நெருக்கினால், வட்டத்தினின்று விலகிய பக்கத்தில் மட்டும் கோடு விழும். கோடு முழுவட்டமாக விழுந்தால் தட்டு செம்மையாக உள்ளது என்பது பொருள். ஒருபக்கமே விழுந்தால் தட்டைப் பிணைக்கும் திருகு தளர்ந்திருக்கலாம். அல்லது தண்டு வளைந்திருக்கலாம். முன்னது சில நிமிட வேலை. பின்னதற்கு லேத் பட்டறை தேவை.

பேணும் முறை

கால்சக்கரத்தின் முதற்பகை அதன் உயிராகிய களிமண்ணே. வனையும்போது தெறிக்கும் சேற்று நீர் தண்டு வழியே இறங்கி மேல் தாங்கிக்குள் புகுகிறது. நுண்மணல் கலந்த அச்சேறு கிரீசுடன் சேர்ந்து தேய்ப்புப் பசையாக மாறி, எஃகுக் குண்டுகளை அரிக்கிறது. மேலும் கிரீஸ் பூசுவது இதற்கு மருந்தாகாது. சேற்றை உள்ளேயே அடைத்துவைப்பதாகவே முடியும். தாங்கியைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, அளவோடு புதிய கிரீஸ் இட வேண்டும். பக்கங்கள் நிரந்தரமாக மூடப்பட்ட தாங்கியானால் கழுவுவதை விட்டு, மாற்றிவிடுவதே முறை. பிறகு தாங்கிக்குச் சற்று மேலே, தண்டைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூப்பினால் குடைபோன்ற வளையம் ஒன்றைப் பொருத்தினால், இறங்கும் நீர் அதில் பட்டு வெளியே சிதறிவிடும். சில ரூபாய்ச் செலவில் தாங்கியின் ஆயுளை நீட்டிக்கும் வழி இது.

தாங்கியை மாற்ற வேண்டிய நிலை வந்தால், அதன் மேல் பொறித்துள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. 6204 என்றிருந்தால் கடைசி இரண்டு எண்களை ஐந்தால் பெருக்க வேண்டும். அதன் உள்விட்டம் 20 மில்லிமீட்டர் எனக் கிடைக்கும். 6205 ஆயின் 25 மில்லிமீட்டர். இவை மோட்டார்களிலும் பம்புகளிலும் பரவலாகப் பயன்படுபவை. ஆகவே பெங்களூரின் எஸ்.ஜே.பி. சாலையில் மட்டுமன்றிச் சிறு நகரங்களிலும் கிடைக்கும். அடித்தாங்கியின் நிலை வேறு. சக்கரம், தண்டு, தட்டு, மண் ஆகிய அனைத்தின் பாரமும் அதன் மேல் செங்குத்தாக இறங்குகிறது. அவ்விடத்தில் பக்கச்சுமைக்கென அமைந்த தாங்கியைவிட, 51105 போன்ற அழுத்தத் தாங்கியோ, கூம்பு உருளைத் தாங்கியோ நீடித்து உழைக்கும். தண்டின் கூர்முனை ஒரு கிண்ணத்தில் நின்று சுழலும் மிகப் பழைய அமைப்பானால், கிண்ணத்தில் எண்ணெய் வற்றாமல் பார்ப்பதே போதுமானது.

மரச்சட்டங்களுக்கு மழைக்காலமே சோதனைக் காலம். ஈரத்தில் உப்பிய மரம் கோடையில் சுருங்கும்போது போல்ட்டுகள் தளர்கின்றன. மழை ஓய்ந்து மரம் உலர்ந்தபின் அவற்றை ஒருமுறை முடுக்கிவிடுவது வழக்கமாதல் வேண்டும். கான்கிரீட்டில் வார்த்த கனச்சக்கரத்தில் விரிசல் தென்பட்டால் உடனே வேலையை நிறுத்த வேண்டும். விளிம்பைச் சுற்றி இரும்புப் பட்டை இறுக்கிய பின்னரே அதை மீண்டும் சுழற்றலாம். சுழலும் சக்கரத்திலிருந்து சிதறும் துண்டு காலை முறிக்க வல்லது.

திருத்தி அமைத்தல்

மூத்த குயவரின் முழங்கால்கள் உதைத்து ஓய்ந்துவிடுகின்றன. உடல்நலமுள்ள ஒருவர் கால்களால் தொடர்ந்து அளிக்கக்கூடிய திறன் ஏறத்தாழ 75 வாட் மட்டுமே. சிறு கலங்களுக்கு இது போதும். பெரிய மண் கட்டியை நடுநிலைப்படுத்தும்போது போதாது. மின்சக்கரத்தின் நன்மை இங்கேதான் விளங்குகிறது. கதர் ஆணையம் 2018-இல் தொடங்கிய குயவர் மேம்பாட்டுத் திட்டம் மின்சக்கரங்களை வழங்கிவருகிறது. 2023 செப்டம்பர் 17-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் விஸ்வகர்மா திட்டத்தில் இடம்பெற்ற 18 தொழில்களில் குயவர் தொழிலும் ஒன்று. கருவிகளுக்கென 15,000 ரூபாய் வரை உதவி அதில் உண்டு. இவை வரவேற்கத்தக்கவை.

ஆனால் மின்சக்கரம் வந்ததும் கால்சக்கரத்தைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவது சிக்கனமாகாது. மின்தடையின்போதும், மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பலகை பழுதாகி உதிரிப் பாகத்துக்குக் காத்திருக்கும் நாட்களிலும் வீட்டின் அடுப்பு எரிவது பழைய சக்கரத்தால்தான். கார்த்திகைக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களில் நிற்கும் ஒவ்வொரு நாளும் ஆண்டு வருவாயில் விழும் ஓட்டையாகும்.

இரண்டின் நன்மைகளையும் சேர்க்கும் வழி ஒன்று உண்டு. கால் குதிரைத்திறன் மோட்டாரின் தண்டில் ரப்பர் போர்த்திய சிறு உருளையைப் பொருத்தி, மோட்டாரைக் கீல் மேல் அமைத்து, மிதியை அழுத்தும்போது மட்டும் அவ்வுருளை கனச்சக்கரத்தின் விளிம்பைத் தொடுமாறு செய்யலாம். மோட்டார் நிமிடத்துக்கு 1,440 முறை சுழல்கிறது. உருளை 6 செண்டிமீட்டர், கனச்சக்கரம் 72 செண்டிமீட்டர் எனில், சக்கரம் 120 முறை சுழலும். உருளையை 9 செண்டிமீட்டராக்கினால் 180 முறை. வனைதலுக்கு ஏற்ற வேகங்கள் இவை. மிதியை விட்டதும் சக்கரம் தன் உந்தத்தால் ஓடும். மின்சாரம் நின்றால் கால் உதவும். இடைவிடாது நான்கு மணி நேரம் ஓடினாலும் மின்செலவு ஒரு யூனிட் அளவிலேயே நிற்கும்.

இத்திருத்தத்தில் மூன்று எச்சரிக்கைகள் உள்ளன. ஈரக் கையும் மின்சாரமும் சேரும் இடமாதலால், நில இணைப்பும் கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனமும் இன்றி மோட்டார் பொருத்தலாகாது. உருளை விளிம்பைத் தொடுமிடத்தில் சேலையோ வேட்டியோ சிக்காதபடி தகட்டு மறைப்பு வேண்டும். மோட்டார் சுழலும் திசை குயவரின் கைப்பழக்கத்துக்கு இசைந்திருக்க வேண்டும். இல்லையேல் முப்பது ஆண்டுத் தேர்ச்சி ஒரே நாளில் பயனற்றதாகும்.

மோட்டார் இன்றியே செய்யக்கூடிய திருத்தங்களும் உண்டு. இருக்கையின் உயரத்தையும் கால்வைப்புப் பலகையின் இடத்தையும் மாற்றத்தக்கதாகச் சட்டத்தில் வரிசையாகத் துளைகள் இடலாம். உயரமான ஆடவருக்கென அமைந்த சக்கரத்தில் பெண்களும் இளையோரும் இடுப்பு வலியின்றி அமர்வதற்கு இச்சிறு மாற்றம் போதுமானது.

செய்ய வேண்டுவன

பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம் 1974-இல் அஸ்திரா என்னும் ஊரகத் தொழில்நுட்பப் பிரிவைத் தொடங்கி, புகையற்ற விறகடுப்பு, மண் கட்டடப் பொருள்கள் முதலியவற்றில் பணியாற்றியது. மக்களின் தேவையை அவர்கள் வாழுமிடத்திலிருந்தே அறிந்து, உள்ளூர்ப் பொருளால் நிறைவேற்ற வேண்டும் என்பது அம்முயற்சியின் அடிப்படை. கால்சக்கரத்துக்கும் அந்நெறி பொருந்தும்.

தொழிற்பயிற்சி நிலையங்களில் ஃபிட்டர், டர்னர் பிரிவு மாணவர்கள் பயிற்சிக்காகத் தண்டுகளைக் கடைகின்றனர், தாங்கிகளைப் பொருத்துகின்றனர். அப்பயிற்சியின் ஒரு பகுதியை அண்மையிலுள்ள குயவர் குடியிருப்பின் சக்கரங்களில் நடத்தலாம். மாணவருக்கு உண்மையான பழுது கிடைக்கும். குயவருக்கு ஓடும் சக்கரம் கிடைக்கும். மாவட்டத் தொழில் மைய அலுவலர்கள், வழங்கிய கருவிகளின் பட்டியலுடன், பழைய சக்கரங்களின் பட்டியலையும் அவற்றின் தாங்கி எண்களையும் சேர்த்து வைக்கலாம். கருவி வழங்கி ஓராண்டு நிறைந்ததும் ஒருமுறை நேரில் சென்று, ஓடுகிறதா என்று பார்ப்பது மதிப்பீட்டின் பகுதியாக வேண்டும். பேணும் முறைகளைக் கன்னடத்திலும் தமிழிலும் படங்களுடன் ஒரே தாளில் அச்சிட்டு, சூளையருகே ஒட்டலாம்.

இவற்றுள் எதற்கும் பெருநிதி தேவையில்லை. தேய்ந்த ஒரு தாங்கியின் விலை, புதிய சக்கரம் ஒன்றின் விலையில் மிகச் சிறு பகுதியே. அத்தாங்கி உரிய நேரத்தில் மாற்றப்படாததால் ஒரு குயவர் சக்கரத்தை விட்டுக் கூலி வேலைக்குச் செல்வாரானால், அவருடன் மறைவது ஒரு கருவி மட்டுமன்று. அவர் பிள்ளைகள் பார்த்துக் கற்றிருக்கக்கூடிய கைத்திறனும் மறைகிறது. புதிய சக்கரத்தை எந்த நிதியாண்டிலும் வாங்கலாம். அறுந்துபோன கைத்திறனை மீண்டும் உருவாக்க ஒரு தலைமுறை வேண்டும். திட்டமிடுவோரும் நாளை அப்பணியை ஏற்கவிருக்கும் மாணவரும் கருவிச் செலவைக் கணக்கிடும்போது இவ்விரண்டாவது இழப்பையும் அக்கணக்கில் சேர்த்தல் வேண்டும்.