பெயர்ச் சண்டையும் பிழைப்புச் சண்டையும்

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

‘அரசியலும் நம் இளைஞரும்’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். இக்காலத்தில் நம் இளைஞர் வாயில் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்றுண்டு. “எல்லா அரசியல்வாதிகளும் ஒன்றுதான், வாக்களித்து நாம் கண்ட பயன் என்ன?” என்பதே அது. இச்சலிப்பு எங்கிருந்து பிறந்தது, இதில் எவ்வளவு நியாயம் உண்டு, இது நம்மை எங்கே கொண்டு சேர்க்கும் என்னும் மூன்று வினாக்களுக்கு என் சிற்றறிவுக்கு எட்டியவரை விடை காண முயல்கின்றேன்.

இச்சலிப்பு நமக்கு மட்டும் உரியதன்று. பாராளுமன்றங்களின் தாய் என்று புகழப்பட்ட பிரிட்டனைப் பாருங்கள். 2016ஆம் ஆண்டிற்கும் 2024ஆம் ஆண்டிற்கும் இடையே அந்நாட்டின் பிரதமர் நாற்காலியில் ஆறு பேர் அமர்ந்தனர். அவருள் ஒருவர் ஏழு வாரங்களிலேயே பதவி விலக நேர்ந்தது. மருத்துவச் சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியல் இங்கிலாந்தில் மட்டும் எழுபது லட்சத்தைத் தாண்டியது. வீட்டு வாடகையும் விலைவாசியும் ஏறின. ஆயினும், அங்கே மேடைதோறும் முழங்கிய சண்டை வேறு. கொடி, சிலை, வரலாற்றுப் பெருமை, வந்தேறிகள் யார், மண்ணின் மைந்தர் யார் என்பவற்றைப் பற்றிய சண்டை அது. 2020 ஜூன் 7 அன்று பிரிஸ்டல் நகரில், அடிமை வணிகத்தால் செல்வம் சேர்த்த எட்வர்ட் கோல்ஸ்டன் என்பவரின் சிலையை மக்கள் பெயர்த்துத் துறைமுக நீரில் தள்ளினர். இரண்டாண்டுக்குள், நினைவுச் சின்னங்களைச் சேதப்படுத்துவோர்க்குப் பத்தாண்டுவரை சிறை விதிக்க வழிசெய்யும் சட்டம் வந்தது. சிலைக்காக அத்துணை விரைவாகச் செயற்பட்ட மன்றம், மருத்துவமனை வரிசைக்காக ஏன் செயற்படவில்லை என்று அந்நாட்டுச் சாமானியன் கேட்கின்றான். ‘பண்பாட்டுப் போர்’ என்று அவர்கள் இதற்குப் பெயரிட்டுள்ளனர். பெயர்தான் புதிது, பொருள் நமக்கு மிகப் பழையது.

1997ஆம் ஆண்டை இங்குள்ள முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். நம் மாவட்டத்திற்கெனத் தனியே ஒரு போக்குவரத்துக் கழகம் அமைத்து, வீரபாண்டிய கட்டபொம்மனின் படைத்தலைவராக விளங்கிய வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை அதற்கு அரசு சூட்டியது. பாண்டியன், சோழன், சேரன், பல்லவன் என்றும், கட்டபொம்மன், இராணி மங்கம்மாள், நேசமணி, ஜீவா என்றும் பெயர் தாங்கிய பேருந்துகள் ஓடிய நாடு இது. அப்பேருந்துகளில் ஏறுவதற்கு எவரும் பெயரைப் பார்த்துத் தயங்கியதில்லை. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த ஒரு வீரனின் பெயர் எழுதப்பட்டபோது மட்டும், அதில் ஏறமாட்டோம் என்னும் குரல் எழுந்தது. பேருந்துகள் எரிந்தன, தென் மாவட்டங்களில் மோதல் பரவியது, உயிர்கள் போயின, எத்தனையோ குடும்பங்கள் வீடிழந்து நின்றன. இறுதியில் அவ்வாண்டு ஜூலையில், மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இடப்பட்டிருந்த தலைவர்களின் பெயர்கள் அனைத்தையும் அரசு நீக்கிவிட்டது. 1985ஆம் ஆண்டில் பிறந்த காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமாயிற்று. ஒருவர் பெயரை ஏற்க மனமில்லாமையால் எல்லாருடைய பெயரும் போயிற்று.

இந்நிகழ்ச்சியிலிருந்து சிலர், “பெயரில் என்ன இருக்கிறது? இவையெல்லாம் வீண் சண்டை” என்னும் பாடத்தைப் படித்துக்கொண்டனர். நான் அதற்கு உடன்படுகின்றவன் அல்லன். பெயரில் ஒன்றுமில்லை என்பவன், தன் பெயரைச் சொல்லி எவனும் இழிவுசெய்யாத இடத்தில் பிறந்தவனாக இருத்தல் வேண்டும். 1922ஆம் ஆண்டில் ராவ் பகதூர் எம். சி. ராஜா அவர்கள், இழிவுப் பெயர்களை ஒழித்து ‘ஆதிதிராவிடர்’ என்னும் பெயரை அரசு ஆவணங்களில் வழங்கவேண்டுமெனச் சென்னைச் சட்டமன்றத்தில் போராடிப் பெற்றார். அது வீண் சண்டையா? அன்று. ஆனால் அடுத்து நடந்ததையும் சேர்த்துப் பாருங்கள். 1924ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் அதே மன்றத்தில், பொதுச் சாலையிலும் கிணற்றிலும் குளத்திலும் பொதுக் கட்டடங்களிலும் நம் மக்களுக்குத் தடையில்லாத உரிமை உண்டென்று தீர்மானம் கொண்டுவந்து அரசாணையாக்கினார். முன்னவர் பெயரை மீட்டார். பின்னவர் வழியைத் திறந்தார். நம் முன்னோர் செய்த அரசியலில் மானமும் தண்ணீரும் சேர்ந்தே வந்தன.

பிற்கால அரசியல்வாதி கண்டுபிடித்த தந்திரம் யாதெனில், இவ்விரண்டையும் பிரித்துவிட்டதே ஆகும். பெயரைக் கொடுப்பான், வழியை மறப்பான். பெயர்ப் பலகைக்குச் செலவு குறைவு, கைதட்டல் மிகுதி. 2021ஆம் ஆண்டு மார்ச்சில் ஏழு பிரிவினரை ஒன்றிணைத்துத் ‘தேவேந்திரகுல வேளாளர்’ என்னும் பெயர் வழங்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில், ‘காலனி’ என்னும் சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாகத் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இரண்டையும் நான் மனமார வரவேற்கின்றேன். வரவேற்ற கையோடு, அப்பெயர் மாறிய தெருவிற்குக் குடிநீர்க் குழாய் வந்ததா, சுடுகாட்டிற்குப் பாதை வந்ததா என்றும் கேட்கின்றேன். வரவேற்பும் வினாவும் ஒருங்கே நம் வாயிலிருந்து எழவேண்டும்.

பண்பாட்டுச் சண்டையில் நம் பிழைப்பு எவ்வாறு மறைந்துபோகின்றது என்பதற்குப் பட்டாசைக் காட்டிலும் தெளிவான சான்று வேறில்லை.

2018 அக்டோபர் 23 அன்று உச்சநீதிமன்றம் பட்டாசு வழக்கில் தீர்ப்பளித்தது. பேரியம் உப்பிற்கும் சரவெடிக்கும் தடை, பசுமைப் பட்டாசுக்கே அனுமதி, தீபாவளியன்று இரவு இரண்டு மணி நேரம் மட்டுமே வெடிக்கலாம் என்பவை அதன் சாரம். டெல்லி நகரின் நச்சுக் காற்றைக் கண்டு பிறந்த வழக்கு அது. குழந்தைகளின் நுரையீரல் காக்கப்படவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்தீர்ப்பு வெளிவந்ததும் வடநாட்டில் மூண்ட வாதத்தைக் கவனித்தீர்களா? ஒரு சாரார், இது நம் சமயத்தின்மீது தொடுத்த தாக்குதல் என்றனர். மறு சாரார், பட்டாசு வெடிப்பவரெல்லாம் அறிவிலிகள் என்றனர். தொலைக்காட்சிகளில் ஆண்டுதோறும் ஐப்பசி பிறந்தால் இவ்வழக்காடல் தொடங்கிவிடுகின்றது. அவ்வாதத்தில் ஒருவரேனும் சிவகாசியில் மருந்து கலப்பவனைப் பற்றிப் பேசினரா? 2018 இறுதியில் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, சாத்தூர், வெம்பக்கோட்டைச் சிற்றூர்களில் அடுப்பு எரிந்ததா என்று எவரேனும் கேட்டனரா?

அவர்கள் பட்டாசின் ஒளியையும் புகையையும் கண்டவர்கள். நாம் அதன் சாம்பலைக் கண்டவர்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் நாற்பதை நெருங்கிய உயிர்கள் மாண்டன. அவர்களுள் பலர் முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவ ஓடியவர்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2024 மே மாதத்தில் செங்கமலப்பட்டி, 2025 ஜூலை முதல் நாளில் சின்னக்காமன்பட்டி என ஊர்ப்பெயர்தான் மாறிக்கொண்டே வருகின்றது. ஒவ்வொரு முறையும் அமைச்சர் வருகின்றார், நிதி அறிவிக்கப்படுகின்றது, விசாரணை தொடங்குகின்றது. ஓர் அறையில் இத்தனை பேர்தாம் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் வைக்கலாம், மரத்தடியில் வேலை செய்யலாகாது என்றெல்லாம் விதிகள் ஏட்டில் உள்ளன. உரிமம் பெற்றவர் அறைகளை உள்குத்தகைக்கு விடுவதும், எடுத்தவர் சீசன் முடியுமுன் காசாக்க விரைவதும், துண்டுக் கூலிக்கு உழைப்பவர் அவ்விரைவிற்கு ஈடுகொடுப்பதும் நாட்டில் உள்ளன. ஏட்டிற்கும் நாட்டிற்கும் இடையிலுள்ள இவ்விடைவெளியில்தான் நம்மவர் மடிகின்றனர். இது பண்பாட்டுச் சிக்கல் அன்று. உராய்வும் வெப்பமும் மருந்தின் அளவும் பற்றிய சிக்கல். கண்காணிப்பும் கூலியும் பற்றிய சிக்கல். ஆதலின் மேடையில் முழங்க இதில் ஒன்றுமில்லை. ஆகவே முழங்குவாரும் இலர்.

“பார்த்தீர்களா, அரசியலால் பயனில்லை என்று நாங்கள் சொன்னது சரிதானே?” என்று இளைஞர் இப்போது கேட்கலாம். பொறுத்தருள்க, இதற்கு மறுமொழியாக மூன்று செய்திகளைக் கூறுகின்றேன். மூன்றும் நம் மண்ணில் நிகழ்ந்தவை.

முதலாவது, 1967ஆம் ஆண்டுத் தேர்தல். இதே விருதுநகரில், நாடறிந்த தலைவர் காமராசர் ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். இந்தி எதிர்ப்பு என்னும் மொழி மானமும், அரிசித் தட்டுப்பாடு என்னும் வயிற்று நெருப்பும் அன்று ஒன்றுசேர்ந்தன. பள்ளி திறந்து மதிய உணவிட்ட பெருந்தலைவரையே மக்கள் சீட்டு வீழ்த்திற்று. அத்தீர்ப்பு சரியா தவறா என்று இன்றும் வழக்காடுவோர் உண்டு. வாக்குச் சீட்டுக்கு வலிமை இல்லை என்று மட்டும் எவரும் கூறவியலாது. அரிசி அதன்பின் எந்த ஆட்சியும் மறக்கமுடியாத பொருளாயிற்று.

இரண்டாவது, குழந்தைத் தொழிலாளர் வழக்கு. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் பிஞ்சுக் கைகள் வேலை செய்வதைக் குறித்து எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி நல நிதிக்குச் செலுத்தவேண்டும். அக்குடும்பத்தில் ஒரு பெரியவருக்கு வேலை தர இயலாவிடில் அரசு 5,000 ரூபாய் சேர்க்கவேண்டும் என்பது அத்தீர்ப்பு. அதிகாலை வண்டியில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்குச் சென்ற காலத்தை இங்குள்ள தாய்மார் அறிவர். இன்று அக்காட்சி அருகியதற்குச் சட்டமும் வழக்கும் சத்துணவும் பள்ளியும், நம் சங்கம் போன்ற மாலைநேர வகுப்புகளும் சேர்ந்தே காரணம். சட்டம் தானாக நடந்து வரவில்லை. இழுத்துக்கொண்டு வந்தோர் இருந்தனர்.

மூன்றாவதே தலையாயது. நம் மாவட்டத்தின் கொட்டகாச்சியேந்தல் ஊராட்சியும், மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளும் 1996ஆம் ஆண்டில் தாழ்த்தப்பட்டோர்க்குத் தனித்தொகுதிகள் ஆக்கப்பட்டன. பத்தாண்டுக் காலம் அங்கெல்லாம் முறையான தலைவர் அமர முடியவில்லை. மனுத்தாக்கல் செய்ய எவரும் வராதபடி செய்தனர். வென்றவரும் உடனே பதவி விலகும் நிலை உண்டாக்கப்பட்டது. மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசனும் அவருடன் ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். 2006 அக்டோபரில்தான் அந்நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நிறைவாக நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றனர்.

இளைஞர்களே, இதனைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஊராட்சித் தலைவர் பதவி பயனற்றதாயின், அதில் நம்மவன் அமராதபடி பத்தாண்டு தடுத்து நின்றது எதற்காக? உயிரையே பறித்தது எதற்காக? அந்நாற்காலியின் மதிப்பை நம்மைக் காட்டிலும் நம்மைத் தடுத்தவர்கள் நன்கு அறிந்திருந்தனர். நிலமும் ஆலையும் உறவும் செல்வாக்கும் உடையவன், “அரசியல் சாக்கடை” என்று சொல்லி விலகி நிற்கலாம். அவனுக்கு வேறு கதவுகள் உண்டு. வாக்கையன்றி வேறு கதவில்லாதவன் அச்சொல்லைச் சொன்னால், தன் வீட்டுக் கதவைத் தானே அடைத்துக்கொண்டவன் ஆவான். அரசியல்வாதிமேல் கோபம் கொள்ளுங்கள், அது நல்லது. அரசியலின்மேல் வெறுப்புக் கொள்ளாதீர்கள். அது நம்மைத் தடுத்தவர்களுக்கு நாம் தரும் கூலியாகும்.

அவ்வாறாயின் செய்யவேண்டுவது யாது? கல்விச் சங்கம் கட்சி நடத்தவேண்டுவதில்லை. வினாக் கேட்கத் தெரிந்த மக்களை உண்டாக்கினால் போதும். அதற்குக் கருவிகள் நம் கையிலேயே உள்ளன. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகின்றது. அங்கே கையெழுத்திட்டுத் திரும்புவதை விடுத்து, வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனு எழுதலாம். பத்தாம் வகுப்பு மாணவனுக்கு அதனை எழுதக் கற்பியுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர்க்கென ஒதுக்கும் நிதியை அவர்க்கே செலவிடவேண்டுமெனத் தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டில் தனிச்சட்டமே வந்துவிட்டது. அந்நிதியில் நம் ஒன்றியத்திற்கு வந்தது எவ்வளவு என்று கேளுங்கள். மேற்படிப்பு உதவித்தொகையில் மத்திய அரசு அறுபது பங்கும் மாநில அரசு நாற்பது பங்கும் ஏற்பதென 2020 டிசம்பரில் முடிவாயிற்று. அது உரிய காலத்தில் மாணவர் கணக்கிற்கு வந்ததா என்று கேளுங்கள். நம் சிற்றூரை ஒட்டிய ஆலையில் உள்குத்தகை உண்டா, தொழிலாளர்க்கு ஈ.எஸ்.ஐ. பதிவு உண்டா என்று கேளுங்கள்.

வாக்குக் கேட்டு வருவோரிடமும் இவற்றையே கேட்டு, அவர் கூறிய விடையை ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி வையுங்கள். அவர் சிலையைப் பற்றிப் பேசினால் செவிமடுங்கள். நம் வீரர்க்குச் சிலை வேண்டும். கேட்டபின், “ஐயா, சுடுகாட்டுப் பாதை என்னவாயிற்று?” என்று பணிவாகவும் உரக்கவும் கேளுங்கள். அடுத்த தேர்தலில் அவர் வரும்போது அக்குறிப்பேட்டை எடுத்து விரியுங்கள். அந்த ஏட்டைப் போல் அரசியல்வாதி அஞ்சும் ஆயுதம் பிறிதொன்று இல்லை.

இச்சங்கம் இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது. இனிவரும் இருபத்தைந்து ஆண்டுகளில் அவ்வெழுத்தைக் கொண்டு கணக்குக் கேட்கும் துணிவையும் அளிக்குமாக. அதற்கான முதல் குறிப்பேடுகளை இவ்விழாவிலேயே கிளைதோறும் வழங்கினால், வெள்ளி விழா பொருளுடையதாகும் என்று விழாக் குழுவினரை வேண்டிக்கொண்டு, என் உரையை நிறைவு செய்கின்றேன்.