பால் யாருக்கு?

(புதுச்சேரியில் பேசியது)



கஷ்ட காலத்தில் எதை உண்பது, எதை விடுவது என்பதைப் பற்றிப் பேசும்படி எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. சோற்றைப் பற்றியும் கறியைப் பற்றியும் பேச நம் நாட்டில் ஆளுக்குக் குறைவில்லை. பாலைப் பற்றி மாத்திரம் யாரும் வாய் திறப்பதில்லை. பசு தெய்வம், பால் பரிசுத்தம் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் கேள்வி கேட்கக் கூடாதாம். கேள்வி கேட்கக் கூடாது என்று எங்கே சொல்லுகிறார்களோ அங்கேதான் முதலில் கேட்க வேண்டும். ஆகையால் இன்று பாலைப் பற்றியே பேசுகிறேன்.

மாடு சும்மா பால் தருவதில்லை. சினைப்பட்டு, ஒன்பது மாதத்துக்கு மேல் சுமந்து, கன்று போட்டால்தான் மடி சுரக்கும். தொடர்ந்து பால் வேண்டுமானால் தொடர்ந்து கன்று போட வேண்டும். போடுகிற கன்றில் ஏறக்குறையப் பாதி காளைக்கன்று. முன்னே காளைக்கு ஏரும் வண்டியும் இருந்தன. இன்று உழுவதற்கு டிராக்டரும் சினைக்கு ஊசியும் வந்துவிட்டன. அப்படியானால் காளைக்கன்று எங்கே போகிறது? பால் வற்றிய கிழமாடு எங்கே போகிறது? காலையில் காப்பியைக் குடித்துக்கொண்டே "நாங்கள் சுத்த சைவம், ஓர் உயிரையும் கொல்லாதவர்கள்" என்று பெருமை பேசுகிற கனவான்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

அவர்கள் சொல்லமாட்டார்கள், நான் சொல்லுகிறேன். சில கன்றுகள் பாலில்லாமலே சாகின்றன. செத்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்துத் தாயின் முன்னே நிறுத்திக் கறந்தது நம் ஊர் வழக்கந்தான். பசுவின் பின்னுறுப்பில் காற்றை ஊதிக் கறக்கும் 'பூக்கா' என்ற கொடுமையும் இந்த நாட்டில் இருந்தது. கறவை மாடுகளுக்குச் செய்யும் சித்திரவதைகளைப் படித்துத்தான் காந்தியார் 1912-ல் பாலையே விட்டார். பூக்காவைத் தண்டிப்பதற்கு 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டத்தில் தனி விதியே எழுத வேண்டியிருந்தது. தெய்வமென்று கும்பிடுகிற நாட்டில் அந்தத் தெய்வத்துக்குப் போலீஸ் பாதுகாப்பு!

மீந்த கன்றும் கிழமாடும் சந்தைக்குப் போகின்றன. அந்த இறைச்சியை உண்டவனை ஊருக்கு வெளியே வைத்தார்கள். பால் குடித்தவன் மேல்சாதி. பால் வற்றிய மாட்டை உண்டவன் கீழ்சாதி. ஒரே மாட்டில் லாபம் ஒருவனுக்கு, பழி இன்னொருவனுக்கு! இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு உலகில் வேறெங்காவது உண்டா? புதுவையில் 1968-ம் வருஷத்துச் சட்டம் பசுவைக் கொல்லக் கூடாது என்கிறது. சரி, கறவை நின்ற பசுவுக்குத் தவிடும் புண்ணாக்கும் யார் போடுவது? கும்பிடுகிறவர் போடுவதில்லை. ஒரு காணி நிலங்கூட இல்லாத ஏழையின் தலையில்தான் அந்தப் புண்ணியமும் விழுகிறது.

அந்த ஏழை வீட்டைப் பாருங்கள். விடியுமுன் எழுந்து சாணம் அள்ளுவதும், புல்லறுப்பதும், தீவனம் வைப்பதும் பெரும்பாலும் பெண்கள். கறந்த பாலையெல்லாம் சொசைட்டியில் ஊற்றிவிட்டு, தன் பிள்ளைக்கு வரக்காப்பி கொடுக்கிற தாய்மார்கள் எத்தனை பேர்!

2020 மார்ச் 25 முதல் கொரோனா ஊரடங்கு வந்தது. டீக்கடை, ஓட்டல், கல்யாண விருந்து எல்லாம் நின்றன. மடிக்கு ஊரடங்கு தெரியுமா? கறக்காமல் விட்டால் மடி வீங்கி நோய் வரும். டீக்கடைக்குப் பால் ஊற்றியவர்களுக்கு வாடிக்கை போயிற்று. தீவனச் செலவு போகவில்லை. புதுவை அரசாங்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் காலையில் பால் கொடுத்துவந்தார்கள். பள்ளி மூடியதும் அந்த டம்ளரும் நின்றது. ஒரு பக்கம் விலைபோகாத பால். மறுபக்கம் பாலில்லாத பிள்ளை. அந்தச் சமயத்தில் கர்நாடக அரசாங்கம் மிஞ்சிய பாலை வாங்கிக் குடிசைப் பகுதி ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. இதற்கு எந்தத் தெய்வத்தின் அருளும் தேவைப்படவில்லை. மனிதன் புத்தியே போதுமாயிருந்தது.

புத்தியில்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1995 செப்டம்பர் 21-ந் தேதியே சாட்சி. பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று இந்தியா முழுவதும் கரண்டியும் கையுமாக வரிசையில் நின்றார்கள். விஞ்ஞானிகள் பாலில் சாயத்தைக் கலந்து வைத்து, அது கல்லின்மேல் மெல்லிய படலமாகக் கீழே வழிவதைக் காட்டினார்கள். பிள்ளையார் குடித்ததாகச் சொன்ன பால் சாக்கடைக்குப் போயிற்று. இன்று சினிமாக்காரரின் கட்-அவுட்டுக்கும் அதே அபிஷேகம்!

ஆனால் பாலை அடியோடு விடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பால் புண்ணியமுமன்று, பாவமுமன்று. மாடும் மனிதனும் உழைத்து உண்டாக்கும் பண்டம். பண்டம் குறைவாயிருக்கும்போது யாருக்கு முதலில் என்பதே கேள்வி. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பால்தான் வேண்டும். அதற்கு மாட்டுப்பால் ஈடாகாது. அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கும், கர்ப்பிணிக்கும், நோயாளிக்கும் பால் முதலில் போகட்டும். நம்மைப் போன்ற தடியர்களின் நாலாவது காப்பி கடைசியில் இருக்கட்டும்.

பெரியவர்களுக்குப் பாலில்லாவிட்டால் எலும்பு இற்றுப்போகாது. 100 கிராம் பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து. 100 கிராம் கேழ்வரகிலோ 300-க்கு மேல். அவ்வளவும் உடம்பில் சேராதென்றாலும் கூழ் குடிப்பவன் ஏமாந்தவனல்ல. எள், முருங்கைக்கீரை, கொள்ளு, நிலக்கடலை இருக்கின்றன. கடற்கரை ஊரில் முள்ளோடு தின்னும் நெத்திலி இருக்கிறது. மீன், முட்டை, இறைச்சி, பால் எல்லாவற்றையும் விடுகிறவர் மாத்திரம், பி12 என்ற சத்து செடி கொடிகளில் கிடைக்காதென்பதை அறிந்து வைத்தியரைக் கேட்டு மாத்திரை சாப்பிட வேண்டும்.

தோழர்களே! கறக்கிறவர்கள் கன்றுக்கு ஒரு காம்பையாவது விட்டுக் கறவுங்கள். வாங்குகிறவர்கள் அந்தக் காம்புக்கும் சேர்த்து விலை கொடுங்கள்; அடிமாட்டு விலை பேசிவிட்டுக் கோமாதா பூஜை செய்யாதீர்கள். கல்லின் தலையில் ஊற்றுகிற குடத்தைப் பக்கத்துத் தெருப் பிள்ளையின் டம்ளரில் ஊற்றுங்கள். அடுத்தவன் இலையில் என்ன கறி என்று எட்டிப் பார்ப்பதை விட்டு, அவன் இலையில் சோறு இருக்கிறதா என்று பாருங்கள் எனக் கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.