அண்ணன் நீட்டும் பத்திரம்



பெண்ணுரிமை பற்றிப் பேசச் சொன்னீர்கள். வேலு நாச்சியாரில் தொடங்கி விண்வெளி வரை போகலாம், கைதட்டலும் கிடைக்கும். நான் நாலு ஏக்கர் நிலத்தோடு நின்றுகொள்கிறேன்.

மேட்டூர் கிழக்குக் கரைக் கால்வாய்ப் பாசனத்தில் நாலு ஏக்கர், பூர்விகச் சொத்து. அப்பா, ஒரு மகன், ஒரு மகள். அம்மா முன்பே காலமாகிவிட்டார். உயில் எழுதாமல் அப்பாவும் போய்ச் சேர்கிறார். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதலில் அப்பாவுக்கும் மகனுக்கும் இரண்டிரண்டு ஏக்கர், ஏனென்றால் மகன் பிறந்தபோதே பங்காளி. பிறகு அப்பாவின் இரண்டு ஏக்கர் மட்டும் பிள்ளைகள் இருவருக்கும் சமமாகப் பிரியும். ஆக மகனுக்கு மூன்று, மகளுக்கு ஒன்று. சமம் என்று சட்டம் சொன்னது பொய்யில்லை. பாதிப் பந்தி முடிந்தபிறகு அவளுக்கு இலை போட்டார்கள், அவ்வளவுதான்.

பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியிலேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டாயிற்று. அது சட்டமாக அறுபது ஆண்டு பிடித்தது. கலைஞர் ஆட்சியில் வந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் மகளையும் பிறப்பால் பங்காளி ஆக்கியது. நம் நாலு ஏக்கர் அப்போதுதான் இரண்டு இரண்டாகப் பிரிந்தது. அதிலும் ஒரு முள். அந்தத் தேதிக்கு முன் மணமான மகளுக்கு அந்த உரிமை இல்லை. தை மாதம் கல்யாணமான அக்காவுக்கு இல்லை, ஆவணியில் கல்யாணமான தங்கைக்கு உண்டு. ஒரே வயிற்றுப் பிள்ளைகள்! 2005 செப்டம்பர் 9இல் வந்த மத்தியத் திருத்தம்தான் இந்த முள்ளை எடுத்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற வழக்காடல் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் ‘வேண்டியதில்லை’ என்ற பிறகே ஓய்ந்தது.

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கியது நம் சேலத்தில். ஆயிரம் ஆண் குழந்தைக்குச் சுமார் 850 பெண் குழந்தைகள் என்று 1991, 2001 கணக்கெடுப்புகள் காட்டிய மாவட்டம் இது. ‘பொட்டப்புள்ள செலவு’ என்ற கணக்குதான் இந்தக் குறைவுக்கு வேர். தொட்டில் உயிர்களைக் காத்தது, குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கணக்கையே திருத்தக்கூடிய சட்டம் அதற்கு மூன்று ஆண்டு முன்பே வந்திருந்தது. அதற்கு யாரும் தமுக்கடிக்கவில்லை.

இன்று நடப்பது உங்களுக்கே தெரியும். கருமாதி முடிந்து, வாரிசுச் சான்று வந்ததும் அண்ணன் கார் பிடித்துத் தங்கையைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போகிறார். பத்திர எழுத்தர் விடுதலைப் பத்திரத்தைத் தயாராக வைத்திருப்பார். அவள் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறாள். ஏமாளி என்று சொல்லிவிடாதீர்கள். மகளுக்குத் தாய்மாமன் சீர் வரவேண்டும், புருஷன் வீட்டில் ஒன்றென்றால் போய் நிற்கப் பொறந்த வீடு வேண்டும். அவள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. சட்டத்தால் நிலத்தைப் பிரிக்க முடியும், சீரோடு வரும்படி அண்ணனைக் கட்டாயப்படுத்த முடியாது.

ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். பாட்டன் காலத்தில் கிரயம் எழுதும்போது அத்தையின் கையெழுத்தை யார் கேட்டார்கள்? இன்று கேட்கிறார்கள். வாங்குகிறவர் கேட்கிறார், கடன் கொடுக்கும் வங்கி கேட்கிறது. அவள் கையெழுத்து இல்லாமல் அண்ணனால் முழு நிலத்தையும் விற்க முடியாது. சில தங்கைகள் இதைப் புரிந்துகொண்டு, ‘நிலம் வேண்டாம், ஊரில் ஒரு மனை என் பேருக்கு எழுதிக் கொடு’ என்று வாய்திறக்கிறார்கள்.

இங்கே வந்திருக்கும் பெண்களுக்கு ஒரு யோசனை. கூப்பிட்ட அன்றே கையெழுத்துப் போட வேண்டாம். பத்திர நகலை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். சர்வே எண் எத்தனை, நிலத்தின் வழிகாட்டி மதிப்பு என்ன, உங்களுக்குக் கொடுத்ததாக எழுதியிருக்கும் தொகை உண்மையில் கைக்கு வந்ததா என்று பாருங்கள். அப்புறமும் விட்டுக்கொடுக்க மனம் வந்தால் கொடுங்கள்.