புது ஷவர் வாங்கும் முன் மொட்டை மாடிக்கு

குளியலறைக்குப் புது ஷவர் வாங்கலாம் என்று பெங்களூரில் எஸ்.ஜே.பி. ரோட்டுக்கோ, வீட்டுப் பக்கத்துச் சானிட்டரி கடைக்கோ கிளம்புகிறவர்கள், அதற்கு முன் தங்கள் மொட்டை மாடிக்கு ஒருமுறை ஏறிப் பார்த்துவிட வேண்டும். கடைச் சுவரில் வரிசையாக மின்னும் ஷவர்களில் தண்ணீர் வருவதில்லை. அவற்றில் எது உங்கள் வீட்டில் நன்றாகப் பொழியும் என்பதை, மேலே இருக்கும் தொட்டியின் உயரமும் அதிலுள்ள தண்ணீரின் குணமும்தான் முடிவு செய்கின்றன.

உயரத்தை முதலில் பார்ப்போம். தொட்டியின் நீர்மட்டம் ஷவருக்கு மேல் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். ஷவர் பெட்டியில் அச்சிட்டிருக்கும் பார் கணக்கு இதுதான். மேல்மாடி வீட்டில், தளத்தின் மேலேயே தொட்டி இருந்தால், இந்த உயரம் ஒன்றரை அல்லது 2 மீட்டர்தான் தேறும். அதாவது 0.2 பாருக்குள். அந்த வீட்டில் 8 அங்குல ரெயின் ஷவரை மாட்டினால் மழை பெய்யாது, சில துளைகளில் மட்டும் தண்ணீர் நூலாக ஒழுகும். அங்கே பொருந்துவது சின்ன முகமும் குறைவான துளைகளும் உள்ள ஷவர். அதைவிட நல்லது ஹேண்ட் ஷவர். தோள் மட்டத்துக்கு இறக்கிப் பிடித்தாலே அரை மீட்டருக்கு மேல் உயரம் கூடி, அழுத்தமும் ஏறுகிறது. அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் இருப்பவருக்கு இன்னும் 6 மீட்டர் உயரம் சும்மா கிடைக்கிறது. மேல்மாடிக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் ஒரே ஷவரை வாங்கி, ஒருவர் மகிழ்வதும் இன்னொருவர் கடைக்காரரைத் திட்டுவதும் இதனால்தான்.

பெரிய அபார்ட்மெண்டுகளின் சங்கதி நேர்மாறு. அங்கே பம்ப் வைத்து அழுத்தம் கொடுக்கிறார்கள். குழாயைத் திறந்தாலே சீறுகிறது. இந்த வீடுகளில்தான் தண்ணீர் கணக்கில்லாமல் போகிறது. உங்கள் வீட்டில் எவ்வளவு போகிறது என்று பார்க்க ஒரு பக்கெட்டும் கடிகாரமும் போதும். ஷவரை முழுக்கத் திறந்து, சரியாக ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். 15 லிட்டர் நிறைந்தால், 10 நிமிடக் குளியலுக்கு 150 லிட்டர். நம் நாட்டு நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் வகுத்திருக்கும் அளவே 135 லிட்டர். அதில் குளிக்க ஒதுக்கியது 55. நிமிடத்துக்கு 8 லிட்டர் தரும் ஷவரில் ஐந்து நிமிடம் குளித்தால் 40 லிட்டரோடு முடிந்துவிடும். அழுத்தம் உள்ள வீட்டுக்கு 8 லிட்டர் தாராளம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். பக்கெட்டும் மக்குமாக 20 லிட்டரில் நிம்மதியாகக் குளிக்கிறவர்களை ஷவருக்கு மாறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் அப்படியே இருக்கட்டும்.

இவ்வளவு கணக்கு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. பெரிய ஆறு எதுவும் ஊருக்குள் ஓடவில்லை. மண்டியா மாவட்டத்தின் தொரேகாடனஹள்ளியிலிருந்து, ஹாரோஹள்ளி, தாதகுணி என்று மூன்று கட்டமாக, சுமார் 500 மீட்டர் உயரத்துக்குக் காவிரியை ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். 1974-இல் தொடங்கிய வேலை இது. 2024 அக்டோபரில் தொடங்கிவைத்த ஐந்தாம் கட்டம், நாளொன்றுக்கு இன்னும் 77.5 கோடி லிட்டரைச் சேர்க்கும் திட்டம். குடிநீர் வாரியத்தின் செலவில் பெரும் பங்கு மின்சாரத்துக்கே போகிறது. அதே 2024 மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் வற்றி, டேங்கர் லாரிக்கு மாவட்ட நிர்வாகமே விலை நிர்ணயிக்க வேண்டி வந்ததை இந்த ஊர் மறந்திருக்காது. அப்போதுதான் ஹோட்டல்களும் மால்களும் குழாய்களில் ஏரேட்டர் பொருத்தியே ஆக வேண்டும் என்று வாரியம் உத்தரவிட்டது. ஏரேட்டர் தண்ணீரோடு காற்றைக் கலந்து, குறைந்த தண்ணீரிலேயே நிறைய வருவது போன்ற உணர்வைத் தருகிறது. காற்றுக் கலக்கும் ஷவர்களும் இதே முறைதான். ஆனால் இவற்றுக்கு அழுத்தம் வேண்டும். 0.2 பார் வீட்டில் மாட்டினால் வருகிற தண்ணீரும் சுருங்கிப்போகும்.

அடுத்தது தண்ணீரின் குணம். காவிரித் தண்ணீர் வரும் வீட்டில் ஷவர் பல வருடம் உழைக்கும். போர்வெல்லையும் டேங்கரையும் நம்பியிருக்கும் வீடுகளில் சில மாதங்களிலேயே துளைகளில் வெள்ளையாக உப்பு படிந்துவிடுகிறது. அப்படிப்பட்ட வீட்டுக்கு ரப்பர் மாதிரி வளையும் சிலிக்கோன் துளைகள் உள்ள ஷவரைத்தான் வாங்க வேண்டும். விரலால் தேய்த்தாலே உப்பு உதிர்ந்துவிடும். உலோகத் துளையானால் ஊசி வைத்துக் குத்த வேண்டியிருக்கும். அடைப்பு முற்றினால், ஒரு பிளாஸ்டிக் கவரில் வினிகரை ஊற்றி, ஷவரின் முகம் அதில் மூழ்கும்படி கட்டிவிட்டு, சில மணி நேரம் கழித்து அலசுங்கள்.

அழுத்தம் போதவில்லை என்று பம்ப் வைக்க நினைக்கிறவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். பெங்களூர் மாடிகளில் சோலார் ஹீட்டர்கள் அதிகம். அவற்றில் பல, தொட்டித் தண்ணீர் தானாக இறங்கும் அழுத்தத்துக்கு மட்டுமே செய்தவை. குளிர்ந்த தண்ணீர்க் குழாயில் மட்டும் பம்ப் வைத்தால், மிக்ஸருக்குள் பச்சைத் தண்ணீர் வெந்நீரை எதிர்த்துத் தள்ளும். வெந்நீர் வரவே வராது. சோலார் தொட்டிக்கும் சேர்த்துப் பம்ப் அழுத்தம் கொடுத்தால் தொட்டியே கசியலாம், வெடிக்கவும் செய்யலாம். ஹீட்டர் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று தயாரித்த நிறுவனத்திடம் கேட்டுவிட்டே பம்பை வாங்குங்கள். மாடியிலிருந்து 15 மீட்டர் நீள முக்கால் அங்குலக் குழாயில் வெந்நீர் இறங்கிவர, அதிலுள்ள ஏறக்குறைய 4 லிட்டர் ஆறின தண்ணீர் முதலில் வெளியேற வேண்டும். அந்த நாலு லிட்டரைப் பக்கெட்டில் பிடித்தால் துணி அலச ஆகும்.

தண்ணீரை ஷவருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும் டைவர்ட்டரைச் சுவருக்குள் புதைத்தால் பார்க்க அழகுதான். ஆனால் அதற்கு ஸ்பேர் கிடைக்குமா என்று கேட்காமல் வாங்கக் கூடாது. உள்ளே உள்ள கார்ட்ரிட்ஜ் சில வருடத்தில் தேயும். அதே மாடல் கார்ட்ரிட்ஜ் கிடைத்தால் பிளம்பர் அரை மணியில் மாற்றிவிடுவார். கிடைக்காவிட்டால் டைல்ஸை உடைக்க வேண்டும், அதே நிற டைல்ஸுக்கும் அலைய வேண்டும். சுவருக்கு வெளியே நிற்கும் மிக்ஸரில் இந்தத் தொல்லை இல்லை.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால், ஹேண்ட் ஷவரைச் சுவரில் ஏற்றி இறக்கும் கம்பியில் மாட்டுங்கள். ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கிறவருக்குக் கைக்கு எட்டும். பக்கத்திலேயே பிடித்து எழுந்திருக்க ஒரு கைப்பிடியும் வேண்டும். ஷவர் கம்பியைப் பிடித்து எழுந்தால் அது சுவரோடு பெயர்ந்து வந்துவிடும். பிளம்பர் துளை போட வரும் அன்றைக்கே இரண்டையும் சேர்த்துப் பொருத்தச் சொல்லிவிடுங்கள்.